போய்த் திரும்பும் கடல்நீர் ஒரே திசையில் ஓடுவது எப்படி?

கேரித் தீவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கிறாராம். அப்பாவுக்கு அங்கே செம்பனைத் தோட்டத்தில் வாட்டர் கேட் பார்க்கிற வேலை. கேள்வி இதுதான்: "அங்கிள், கடல் ஏற்றம் ஆறு மணி நேரம் நீரை ஒரு பக்கம் தள்ளுகிறது, இறக்கம் ஆறு மணி நேரம் மறுபக்கம் இழுக்கிறது. கூட்டிக் கழித்தால் மிச்சம் பூஜ்யம்தானே? ஆனால் கண்டச்சரிவு ஓரமாக, ஓதம் எனப்படும் இந்த ஏற்ற இறக்கத்தினால் ஒரே திசையில் ஓடும் நீரோட்டம் உண்டாகிறது என்று படித்தேன். அது எப்படி? நம் மலாக்கா நீரிணையிலும் அப்படி உண்டா?"

தம்பி, பூஜ்யம் என்ற உங்கள் கணக்கு ஒரே ஒரு நிபந்தனையில்தான் சரி. போகும் பயணமும் திரும்பும் பயணமும் எல்லா விதத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தரை சமமாக இருந்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். தரை சரிந்திருந்தால் இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, வருடக்கணக்காகச் சேர்ந்துகொண்டே போகிறது. அதிலிருந்துதான் நீரோட்டம் பிறக்கிறது.

உங்கள் அப்பா பார்க்கும் வேலையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கேரித் தீவின் நிலம் பெரிய ஏற்றத்தின்போது கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். அதனால்தான் சுற்றிலும் பண்டு எனும் மண்கரை கட்டி, கால்வாய் கடலில் சேரும் இடத்தில் மேல்பக்கம் கீல் வைத்த கதவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடல் இறங்கும்போது உள்ளே தேங்கிய மழைத் தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அதே கடல்நீர் கதவை அழுத்தி மூடிவிடும். கடல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலும் கால்வாயில் தண்ணீர் ஒரே திசையில்தான் போகிறது. கதவின் உதட்டில் ஒரு மட்டைத் துண்டு சிக்கிக்கொண்டால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே கசிய ஆரம்பித்துவிடும். பிறகு வரிசை வரிசையாக மரங்கள் வாடும். ஏற்ற இறக்கத்தை ஒருவழி ஓட்டமாக மாற்றும் வேலை முழுக்க அந்தக் கதவில்தான் இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

நடுக்கடலில் கதவு கிடையாது. அங்கே சரிவான தரை, பூமியின் சுழற்சி, அடித்தரையின் உராய்வு ஆகிய மூன்றும் சேர்ந்து கதவின் வேலையைச் செய்கின்றன. கதவு மாதிரி ஒரு திசையை அடியோடு அடைத்துவிடுவதில்லை. போவதற்கும் வருவதற்கும் இடையில் ஒரு சிறு பாரபட்சத்தை மட்டும் உண்டாக்குகின்றன. அவ்வளவே போதுமானது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஓதம் என்பது ஓர் அலை. அலை ஓடுவது வேறு, நீர் ஓடுவது வேறு. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஓத அலை மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும், கிட்டத்தட்ட விமானம் மாதிரி. ஆனால் அங்கே நீர்த்துளி நகர்வது விநாடிக்குச் சில சென்டிமீட்டர்தான். சில நூறு மீட்டர் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். ஆழம் குறையக் குறைய அலை மெதுவாகும், நீர் வேகமெடுக்கும். மலாக்கா நீரிணையின் தென்பகுதியில் ஆழம் சுமார் 30 மீட்டர். அங்கே ஓட்டத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நீர்த்துளி ஒரு ஏற்றத்தில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் போய், இறக்கத்தில் அவ்வளவு தூரம் திரும்பி வரும். நம் கரைக்கு ஓதம் ஒரு முறை வந்து மறுமுறை வர 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அந்தக் கூடுதல் 25 நிமிடம் சந்திரனால் வருவது. பூமி ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் சந்திரனும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அதைப் பிடிக்கப் பூமி இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. கேட்டின் நேரம் தினமும் தள்ளிப் போவது அதனால்தான்.

இப்போது சரிவுக்கு வருவோம். கண்டங்களின் விளிம்பில் கடல் உடனே ஆழமாகிவிடுவதில்லை. கரையிலிருந்து கண்டத்திட்டு மெல்லச் சரிந்து சுமார் 130 மீட்டர் ஆழம் வரை போகும். அதன் விளிம்பில் கண்டச்சரிவு தொடங்கி, இரண்டாயிரம் மூவாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். பாடநூல் படங்களில் அது செங்குத்துச் சுவர் மாதிரி தெரியும். உண்மையில் சராசரிச் சரிவு 4 பாகை அளவுதான், கார் ஏறக்கூடிய மேடு. ஆனால் அதன் மேல் போய்வரும் நீருக்கு அந்த மேடு பெரிய விஷயம். ஆழமான பக்கத்திலிருந்து வரும் நீர் 400 மீட்டர் ஆழத்திலிருந்து 100 மீட்டர் ஆழமுள்ள இடத்துக்கு ஏறுகிறது என்று வையுங்கள். அதே அளவு நீர் நான்கில் ஒரு பங்கு உயரத்தில் நுழைந்து போக வேண்டும். ஆகவே வேகம் நான்கு மடங்காகிறது. ஓதநீரோட்டம் விளிம்பை ஒட்டி ஓங்கி நிற்பதற்கு இதுதான் காரணம்.

இனி வருவதுதான் விஷயத்தின் உயிர். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கடலின் மேல்மட்டத்திலிருந்து தரை வரை நிற்கும் ஒரு நீர்த்தூணை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பூமி சுழல்வதால் அந்தத் தூணுக்கும் ஒரு சுழற்சி ஏற்கெனவே இருக்கிறது. தூண் சரிவின் மேலே ஏறும்போது உயரம் குறைந்து நசுங்கி அகலமாகிறது. அப்போது அதன் சுழற்சி குறைகிறது. நமக்கு, அதாவது வட அரைக்கோளத்தில், அது கடிகார முள் திசையில் ஒரு கூடுதல் சுழலாகத் தெரியும். தூண் ஆழத்துக்கு இறங்கும்போது நீண்டு ஒல்லியாகிறது, சுழற்சி கூடுகிறது, இப்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுழல் தெரியும். உராய்வே இல்லையென்றால், ஏறும்போது பெற்றதைத் தூண் இறங்கும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். உங்கள் பூஜ்யக் கணக்கு அங்கே சரியாக வரும்.

ஆனால் உராய்வு இருக்கிறது. ஒரு தூண் மேட்டின் மேலே ஏறி, கடிகாரத் திசைச் சுழலைப் பெறுகிறது. அங்கே இருக்கும் சில மணி நேரத்தில் தரை உராய்ந்து அந்தச் சுழலில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. திரும்பி இறங்கி, புறப்பட்ட அதே கோட்டுக்கு வரும்போது அது ஏறும்போது பெற்றதை முழுதாகச் செலுத்த வேண்டும். கையில் இருப்பதோ குறைவு. ஆகவே மிச்சமாக எதிர்த்திசைச் சுழலோடு மேட்டை விட்டு வெளியேறுகிறது. ஆழத்துக்குப் போய்த் திரும்பும் தூணுக்கு இதன் தலைகீழ் நடக்கிறது. அது ஆழத்தில் பெற்ற எதிர்த்திசைச் சுழலில் கொஞ்சத்தை இழந்துவிட்டு, கடிகாரத் திசைச் சுழலோடு மேட்டுக்குள் நுழைகிறது. மேட்டுக்குள் வருவதெல்லாம் கடிகாரத் திசை, வெளியே போவதெல்லாம் எதிர்த்திசை. ஒவ்வோர் ஓதத்திலும் மேட்டின் மேல் கடிகாரத் திசைச் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. சேர்ந்த சுழற்சிக்கும் தரை உராய்வுக்கும் சமநிலை வரும்வரை நீரோட்டம் வளர்கிறது. பிறகு அந்த வேகத்திலேயே நிலைத்துவிடுகிறது.

அதனால் கிடைக்கும் விதி எளிது. வட அரைக்கோளத்தில், நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நின்றால் ஆழம் குறைந்த பக்கம் உங்கள் வலக்கையில் இருக்கும். தென் அரைக்கோளத்தில் இடக்கையில். ஓதம் சரிவுக்குக் குறுக்கே ஏறி இறங்குகிறது, மிஞ்சும் நீரோட்டமோ சரிவின் நெடுக ஓடுகிறது. பலருக்கும் பிடிபடாத இடம் இதுதான். குறுக்கே தள்ளினால் நெடுக ஓடுமா என்று கேட்பார்கள். இடையில் நின்று திசையைத் திருப்பிவிடுவது பூமியின் சுழற்சி.

இதில் உராய்வின் பங்கை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே நீரளவைப் படகுகளில் வேலை பார்த்தபோது, ஒலியலையை அனுப்பி ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வேகத்தைச் சொல்லும் டாப்ளர் கருவியை இறக்குவோம். இறக்கம் முடியும் தறுவாயில் திரையைப் பார்த்தால், மேலே உள்ள நீர் இன்னும் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். அடியில் உள்ள நீர் அதற்குள் மறுபக்கம் திரும்பியிருக்கும். படகின் ஓரத்தில் நிற்பவர் தண்ணீர் இன்னும் இறங்குகிறது என்பார். அடியில் ஏற்றம் தொடங்கிவிட்டிருக்கும். தரையோடு உராய்ந்து வேகத்தை இழந்த நீர் சீக்கிரம் திரும்பிவிடுகிறது; மேல்நீர் தன் வேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் போகிறது. இந்த உராய்வு இல்லாவிட்டால் போவதும் வருவதும் ஒன்றையொன்று முழுதாக அழித்துவிடும்.

இதையெல்லாம் கணக்காகப் போட்டுக் காட்டியவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் ஜான் ஹத்னன்ஸ். நார்ஃபோக் கரைக்கு வெளியே உள்ள மணல் திட்டுகளைச் சுற்றி ஓதநீர் ஏன் ஒரே சுற்றாகச் சுற்றுகிறது என்பதை அவர் 1973-இல் விளக்கினார். 1980-இல் ஜான் லோடர் அதே யோசனையை வட அமெரிக்காவின் கிழக்கே உள்ள ஜார்ஜஸ் பேங்க் என்ற பெரிய கடலடி மேட்டுக்குப் பொருத்திக் காட்டினார்.

ஜார்ஜஸ் பேங்க் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்துக்கு அதைவிடத் தெளிவான இடம் இல்லை. பக்கத்தில்தான் உலகிலேயே மிகப் பெரிய ஓதம் எழும் ஃபண்டி விரிகுடா இருக்கிறது. அங்கே ஏற்ற இறக்க வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். அந்த விரிகுடாவை நிரப்பி வடிக்கும் நீர் ஜார்ஜஸ் பேங்க்கின் ஓரங்களில் ஏறி இறங்குகிறது. மேட்டைச் சுற்றிக் கடிகாரத் திசையில் ஒரு நீரோட்டம் ஓடுகிறது. வடக்கு ஓரத்தில், சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில், கிழக்கு நோக்கி மிக வேகமாகப் போகும். கிழக்கே பார்த்து நின்றால் தெற்கே இருக்கும் மேடு வலக்கையில். விதி பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் அந்தச் சுற்று ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது மிதந்து போகும் பொருள் ஒரு முழுச் சுற்று வரச் சுமார் இரண்டு மாதம் ஆகும். காட், ஹாடக் ஆகிய மீன்களின் குஞ்சுகள் ஆழ்கடலுக்கு அடித்துப் போகப்படாமல் மேட்டின் மேலேயே தங்கி வளர இது பெரிய உதவி. ஒரு மீன்பிடிக் களத்தின் வளத்தில் சந்திரனுக்கு நேரடியான பங்கு இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பான செய்திதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். மலாக்கா நீரிணையில் இது நடக்கிறதா?

ஓதம் நம்மிடம் வலுவாகவே இருக்கிறது; நான் சொன்ன மூன்று பொருள்களில் சரிவும் உராய்வும்கூட இருக்கின்றன. கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் 4 மீட்டர் வித்தியாசம். உராய்வுக்கும் பஞ்சமில்லை, ஆழம் குறைந்த நீரிணை, அடியெல்லாம் மணலும் சேறும். குறைவது பூமியின் சுழற்சிதான். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறோம். பூமியின் சுழற்சி ஓடும் நீரைத் திசை திருப்புவதைக் கோரியோலிஸ் விளைவு என்பார்கள். இங்கே அது ஜார்ஜஸ் பேங்க்கில் இருப்பதில் ஏறக்குறைய 13-இல் ஒரு பங்கு. ஜார்ஜஸ் பேங்க்கில், தடையில்லாமல் நகரும் நீரை அந்த விளைவு 18 மணி நேரத்தில் ஒரு முழு வட்டம் திருப்பிவிடும். நம் பக்கத்தில் அதே வட்டத்துக்கு ஏறக்குறைய 10 நாள் வேண்டும். நீர் வளையத் தொடங்குவதற்குள் ஓதம் திசை மாறிவிடுகிறது. அதனால் ஜார்ஜஸ் பேங்க் மாதிரியான சுற்று நீரோட்டத்தை மோரிப் கரைக்கு எதிரே எதிர்பார்க்க முடியாது.

அதற்காக இங்கே பாரபட்சமே இல்லை என்று ஆகாது. ஆழமில்லாத பக்கத்தில் உராய்வு நீரின் சிறு உயரத்துக்குள் பகிரப்படுவதால் அங்கே நீர் அதிகமாகத் தடைப்படும். பக்கத்து ஆழத்தில் ஓடும் நீர் முந்திக்கொள்ளும். இந்த வித்தியாசமே ஒரு சுழற்சியைக் கொடுத்துவிடும். அதற்குப் பூமி சுழல வேண்டியதில்லை. முனைகளுக்குப் பின்னாலும் தீவுகளுக்கு இடையிலும் ஏற்றத்தின் வழி ஒன்றாகவும் இறக்கத்தின் வழி வேறாகவும் இருக்கும். சிலாங்கூருக்கு எதிரே ஒன் பேத்தம் பேங்க் கலங்கரை விளக்கத்தின் சுற்றுப்புறத்தில் ஓதம் வாரிக் குவித்த மணல் திட்டுகளும், தரையில் பல மீட்டர் உயரத்துக்கு எழும் மணல் அலைகளும் இருக்கின்றன. பெரிய கப்பல்களின் மாலுமிகள் அந்த இடத்தை எச்சரிக்கையோடு கடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீரிணை நெடுக நிரந்தரமான ஓட்டம் ஒன்று உண்டு. அது வருடம் முழுவதும் வடமேற்கே, அந்தமான் கடலை நோக்கிப் போகிறது. க்ளாஸ் விர்ட்கி 1961-இல் தென்கிழக்காசியக் கடல்களைப் பற்றிய தம் ஆய்வில் இதை விவரித்தார். ஆனால் இதை ஓதத்தின் கணக்கில் எழுதக் கூடாது. தென்சீனக் கடல் பக்கத்தில் நீர்மட்டம் அந்தமான் பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கிறது. பருவக்காற்று அப்படி நீரைக் குவித்து வைக்கிறது. உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் ஓடுகிறது, அவ்வளவுதான். கேரித் தீவுக்கு எதிரே கடலில் விழுந்த தேங்காய் முன்னும் பின்னும் ஆடி ஆடிக் கொஞ்சம் கொஞ்சமாக வடமேற்கே நகர்ந்தால், ஆட்டியது ஓதம், நகர்த்தியது அந்த மட்ட வித்தியாசம்.

நமக்குப் பக்கத்தில் உண்மையான கண்டச்சரிவு வேண்டுமென்றால் அந்த வடமேற்கு முனைக்குத்தான் போக வேண்டும். அங்கே நீரிணையின் தரை சுமார் 200 மீட்டர் வரை இறங்கி அந்தமான் கடலின் ஆழத்தோடு சேர்கிறது. அந்த இடத்தில் ஓதம் செய்யும் வேலை, நான் இதுவரை சொன்னதைவிடப் பெரியது.

கடல் ஒரே நீர் அல்ல, அடுக்குகள் கொண்டது. மேலே சூடான, இலேசான நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்ராவின் வடமுனையான ஆச்சேவுக்கும் இடையில் கடலடியில் மேடுகள் இருக்கின்றன. ஓதம் இந்த அடுக்குகளை அந்த மேடுகளின் மேல் தள்ளும்போது கீழே உள்ள குளிர்ந்த நீர் தூக்கப்படுகிறது. தூக்கிய நீர் பிறகு விழ வேண்டும். விழும்போது அடுக்குகளுக்கு நடுவில் ஓர் அலை கிளம்புகிறது. அதுதான் உள்ளலை. மேல்நீருக்கும் கீழ்நீருக்கும் அடர்த்தி வித்தியாசம் ஆயிரத்தில் சில பங்குதான் என்பதால், சிறிய சக்தியே அந்த எல்லையை மிக உயரமாகத் தூக்கிவிடும். அலையும் மிக மெதுவாகப் போகும், விநாடிக்கு 2 மீட்டர் அளவில். சுமத்ராவின் வடமேற்கே சுமார் 80 மீட்டர் உயர உள்ளலைகள் காணப்பட்டதாக 1965-இல் பெரி, ஷிம்கே என்ற இருவர் எழுதினார்கள். 1980-இல் ஆஸ்போர்ன், பர்ச் இருவரும் அந்தமான் கடலில் எண்ணெய் துளைக்கும் வேலைக்காக எடுத்த அளவுகளை வைத்து அவற்றை விரிவாக விளக்கினார்கள். இன்னும் பெரியவை தென்சீனக் கடலில் உண்டு. லூசோன் நீரிணையில் பிறக்கும் உள்ளலைகள் 200 மீட்டரைத் தாண்டுகின்றன.

இருபது மாடிக் கட்டடம் அளவுக்குக் கீழே நீர் ஏறி இறங்கும்போது மேலே கடல் மட்டம் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. ஆனால் கவனித்தால் ஓர் அடையாளம் உண்டு. அமைதியான கடலில் திடீரென்று நீளமான ஒரு பட்டை, கொதிப்பது போல் சிற்றலைகளோடு, இரைச்சலோடு வரும். கடந்து போனதும் கடல் பழையபடி பளபளவென்று ஆகிவிடும். உள்ளலை மேல்நீரை ஓரிடத்தில் குவித்து இன்னோரிடத்தில் விரிப்பதால் வரும் பட்டை அது. செயற்கைக்கோள் படங்களில் இந்தப் பட்டைகள் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கோடுகளாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே ஓர் ஓதத்தின் இடைவெளி.

இந்த உள்ளலைகள் கிழக்கே போய்த் தாய்லாந்தின் கண்டச்சரிவில் மோதுகின்றன. சிமிலான் தீவுகளில் இதன் விளைவை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அலை வரும் மேற்குப் பக்கத்தில் குளிர்ந்த நீர் சில நிமிடங்களுக்குள் பொங்கி மேலே வந்து பவளப்பாறைகளை நனைக்கும்; வெப்பநிலை பல பாகை இறங்கிவிடும். 2010-இல் கடல் சூடாகி அந்தமான் கடலின் பவளங்கள் வெளுத்தபோது, இந்தக் குளிர்நீர் எட்டிய இடங்களில் சேதம் குறைவாக இருந்தது.

சரிவில் மோதி உடையும் உள்ளலைதான் உங்கள் கேள்விக்கு இரண்டாவது விடை. கடற்கரைக்குச் சாய்வாக வந்து உடையும் சாதாரண அலை, கரையோரமாக ஒரு நீரோட்டத்தைக் கிளப்பும். கண்டச்சரிவின் மேல் சாய்வாக வந்து உடையும் உள்ளலையும் அதைத்தான் செய்கிறது. அலை சுமந்து வந்த உந்தம் உடையும் இடத்தில் நீருக்குக் கைமாறுகிறது. நீர் சரிவின் நெடுக நகர்கிறது. பிரிட்டனின் ஸ்டீவ் தோர்ப் 1999-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். இதற்கும் நம் பக்கத்துக்கும் பொருத்தம் உண்டு, ஏனென்றால் இதற்குக் கோரியோலிஸ் விளைவு வலுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

உடையும் அலை இன்னொன்றும் செய்கிறது, நீரைக் கலக்குகிறது. துருவப் பகுதிகளில் குளிர்ந்து மூழ்கும் நீர் கடலடியில் பரவிக்கொண்டே இருக்கிறது. அது எங்காவது மேலே வந்தாக வேண்டும். மேலே வருவதற்கு யாராவது சூடான நீரைக் கீழே கலந்துவிட வேண்டும். 1998-இல் வால்டர் மங்க், கார்ல் வுன்ஷ் இருவரும் அந்தக் கலக்கலுக்கான சக்தியில் பெரும்பங்கு ஓதத்திடமிருந்து வரலாம் என்றார்கள். அதுவரை பெரும்பாலோர் ஓதத்தின் சக்தி ஆழமில்லாத கடல்களில்தான் உராய்ந்து வீணாகிறது என்று நினைத்திருந்தார்கள், 1919-இல் ஜி. ஐ. டெய்லர் ஐரிஷ் கடலுக்குப் போட்ட கணக்கிலிருந்து வந்த எண்ணம் அது. 2000-இல் எக்பர்ட், ரே இருவரும் டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு, உலக ஓதங்கள் இழக்கும் சுமார் 3.5 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்) சக்தியில் ஏறக்குறைய 1 டெராவாட் ஆழ்கடலில், மேடுகளிலும் சரிவுகளிலும் செலவாகிறது என்று காட்டினார்கள். இந்தச் சக்திக்கு விலை கொடுப்பது பூமியும் சந்திரனும். பூமியின் சுழற்சி மெல்லக் குறைகிறது, சந்திரன் வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது.

ஆழ்நீர் மேலே வருவதை நேரிலேயே பிடித்துவிட்டார்கள். அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் பள்ளத்தின் சரிவில் உள்ள ஒரு கடலடிப் பள்ளத்தாக்கில் 2021-இல் தரையை ஒட்டிச் சாயம் விட்டுப் பின்தொடர்ந்தார்கள். ஓதம் ஏறி இறங்கும் அந்தச் சரிவில் நீர் அடர்த்தி அடுக்குகளைக் கடந்து நாளைக்கு 100 மீட்டர் என்ற அளவில் மேலேறியது. 2024-இல் முடிவு வெளியானது. கடலின் நடுவில் மிக மெதுவாக எல்லா இடத்திலும் சமமாக நீர் மேலே வருகிறது என்று பாடநூல்கள் வரைந்த படத்தை இனி மாற்றி வரைய வேண்டியிருக்கும். பெரும்பகுதி வேலை சரிவுகளில்தான் நடக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, சரிவோரமாக ஓடும் எல்லா நீரோட்டமும் ஓதத்தால்தான் என்று எழுதிவிடாதீர்கள். அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டமும் ஜப்பான் பக்கத்துக் குரோஷியோ நீரோட்டமும் காற்றால் ஓடுபவை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே கண்டச்சரிவு ஓரமாக வடக்கே போகும் நீரோட்டத்துக்கு முக்கியக் காரணம் வடக்கே போகப் போக நீரின் அடர்த்தி கூடுவது. அதை விளக்கியவரும் அதே ஹத்னன்ஸ்தான். ஓதம் பல இடங்களில் கூட்டாளி, சில இடங்களில் மட்டுமே முதலாளி.

எது எதனால் என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஓதத்தால் பிறந்த நீரோட்டம், ஓதம் பெரிதாகும்போது தானும் பெரிதாக வேண்டும். பௌர்ணமி, அமாவாசை கழிந்து ஓரிரு நாளில் பெரிய ஓதம். அஷ்டமி கழிந்து சிறிய ஓதம். மிச்ச நீரோட்டமும் 15 நாளுக்கு ஒரு முறை கூடிக் குறைந்தால் அதன் தகப்பன் ஓதம்தான். அதுவும் நேர்விகிதத்தில் இல்லை. ஓதநீரின் வேகம் இரண்டு மடங்கானால் மிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பௌர்ணமியைக் கண்டுகொள்ளாமல் ஒரே சீராக ஓடினால் வேறு காரணம் தேடுங்கள்.

பள்ளிக்கு இதை ஓர் ஆய்வாகச் செய்ய நினைத்தால், லங்காட் ஆற்று முகத்தில் ஒரே இடத்தில் ஓட்டத்தை மணிக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். கரையிலேயே, பெரியவர் ஒருவர் துணையோடு. அரை மூழ்கி மிதக்கும் ஒரு ஆரஞ்சுப் பழமும் அளந்து கட்டிய இரண்டு கம்பங்களும் ஒரு கடிகாரமும் போதும். பன்னிரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்; குறைந்தது இரண்டு முழு ஓதம், அதாவது 24 மணி 50 நிமிடம் வேண்டும். இரவில் தனியாக நிற்க வேண்டாம். ஆள் மாற்றி ஆள் நில்லுங்கள், அல்லது பகல் அளவுகளை மட்டும் இரண்டு வாரம் சேர்த்து ஓத அட்டவணையோடு நேரத்தைப் பொருத்திக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் வேகங்களையும் இறக்கத்தின் வேகங்களையும் தனித்தனியே கூட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிச்சம் பூஜ்யமாக வராது. அதில் ஆற்றுநீரின் பங்கும் இருக்கும், ஆகவே மழை பெய்த நாளையும் பெய்யாத நாளையும் குறித்து வையுங்கள். கேட் திறந்து மூடும் நேரத்தை அப்பாவிடம் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அட்டவணையைச் சரிபார்க்க அதைவிட நல்ல பதிவு தோட்டத்தில் வேறு கிடைக்காது.